எடையும் உயரமும் சொல்லும் செய்தி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (விலங்கியல்) மாணவி

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும், நோய் வந்து படுத்த பிறகு மருத்துவரை நாடுவதே நம்மில் பலருக்கு வழக்கமாக இருக்கிறது. வருமுன் அறிந்துகொள்ள வழி உண்டா? ஓரளவுக்கு உண்டு. அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் எடைக்கருவி, சுவரில் ஒட்டிய அளவு நாடா, பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கலும் வகுத்தலும் ஆகிய இவை போதும். இவற்றைக் கொண்டு பெறும் எண்ணுக்கு ‘உடல் நிறைக் குறியீட்டெண்’ என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் ‘பி.எம்.ஐ.’ என்பர்.

இந்த எண்ணைச் சிலர் வேதவாக்காக நம்புகின்றனர்; சிலர் பயனற்றது என்று ஒதுக்குகின்றனர். இரண்டுமே தவறு என்பதை எங்கள் ஊரில் கண்ட மூன்று மனிதர்களைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

சுருளிப்பட்டியில் மூவர்

சுருளி அருவிக்குப் போகும் வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருப்பது எங்கள் சுருளிப்பட்டி. சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாட்கள் அங்கு நடைபெற்றது. ஐந்தாம் நாள் மருத்துவ முகாம். வந்தவர்களின் உயரத்தையும் எடையையும் குறித்துக் கணக்கிடும் பணி விலங்கியல் மாணவிகளாகிய எங்களுக்குத் தரப்பட்டது.

முதலில் வந்தவர் திராட்சைப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் சுமைத் தொழிலாளி. வயது 33. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 70 கிலோ. கணக்கிட்டால் 25.7 வந்தது. எங்கள் கையிலிருந்த அட்டவணைப்படி அவர் ‘அதிக எடை’ உள்ளவர். அதைக் கேட்ட அவர், “தினமும் ஐந்நூறு பெட்டி ஏத்துறேன். எனக்கா எடை கூடியிருக்கு?” என்று சிரித்தார்.

அடுத்து வந்தவர் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியவர். வயது 52. அவருக்கும் அதே 165 சென்டிமீட்டர் உயரம். எடை 61 கிலோ. குறியீட்டெண் 22.4. அட்டவணைப்படி ‘சரியான எடை’. கையும் காலும் மெலிந்திருந்தன. சட்டைப் பித்தான்களுக்கிடையே வயிறு மட்டும் முன்னே நின்றது. “அப்ப எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று மகிழ்ந்தார்.

மூன்றாமவர் என் தாயார். திராட்சைத் தோட்ட வேலைக்கும், ஏலக்காய் பொறுக்கும் வேலைக்கும் செல்பவர். என் வற்புறுத்தலுக்காக வரிசையில் நின்றார். உயரம் 150 சென்டிமீட்டர். எடை 39 கிலோ. குறியீட்டெண் 17.3. நான் எண்ணைப் படித்ததும், “காட்டு வேலை செய்யிற உடம்பு இப்படித்தான் இருக்கும்த்தா. குண்டா இருந்தாத்தானே நோய்?” என்றார்.

இந்த மூன்று எண்களுள் எது உண்மை சொன்னது? எது நம்மை ஏமாற்றியது? அதை அறிய, முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கணக்கு

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே குறியீட்டெண். என் தாயாரின் உயரம் 1.5 மீட்டர். 1.5ஐ 1.5ஆல் பெருக்கினால் 2.25. எடையாகிய 39ஐ 2.25ஆல் வகுத்தால் 17.3. அவ்வளவுதான் கணக்கு.

எடையை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 52 கிலோ என்பது 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குச் சற்றே கூடுதல். 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு மிகக் குறைவு. நெட்டையையும் குட்டையையும் ஒரே தராசில் ஒப்பிட வேண்டுமானால் உயரத்தின் பங்கைக் கழித்துவிட வேண்டும். வகுத்தல் செய்வது அதைத்தான்.

சரி, உயரத்தால் வகுக்காமல் அதன் வர்க்கத்தால் ஏன் வகுக்க வேண்டும்? ஒரு பொருள் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெரிதானால் அதன் எடை கன அளவில் பெருகும். ஒரு வெல்லக்கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும் அல்லவா? அந்தக் கணக்குப்படி, 150 சென்டிமீட்டர் உயரத்தில் 50 கிலோ உள்ளவரைப் போன்ற உடல்வாகுடைய ஒருவர் 165 சென்டிமீட்டர் உயரமிருந்தால் ஏறத்தாழ 66.5 கிலோ இருக்க வேண்டும். ஆனால், உயரமான மனிதர்கள் குட்டையானவர்களின் பெரிதாக்கிய படங்கள் அல்லர். உயரம் கூடும் அளவுக்கு அவர்களின் அகலமும் தடிமனும் கூடுவதில்லை. ஆயிரக்கணக்கானவர்களை அளந்து பார்த்ததில், வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுவது தெரியவந்தது. அதன்படி 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 60.5 கிலோ. ஆகவே, வர்க்கம் என்பது அளந்து கண்ட உண்மையேயன்றி இயற்கை விதி அன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நல்லது.

பிறந்த கதை

இதைக் கண்டவர் மருத்துவர் அல்லர் என்பது வியப்பான செய்தி. பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே (1796–1874) ஒரு கணித அறிஞர், வானியல் வல்லுநர், பிரஸ்ஸல்ஸ் நகரில் வானாய்வு நிலையம் அமையக் காரணமாக இருந்தவர். விண்மீன்களை அளந்த கணிதத்தால் மனிதர்களையும் அளக்க முடியுமா என்று எண்ணினார். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1835இல் அவர் வெளியிட்ட நூலில் எடைக்கும் உயரத்துக்குமான இத்தொடர்பு இடம்பெற்றது. ஒரு தனி மனிதன் பருமனா, மெலிவா, நோயாளியா என்று சொல்வதற்காக அவர் அதை உருவாக்கவில்லை. மக்கள் கூட்டத்தைப் பற்றி அறிவதே அவர் நோக்கம்.

நூறாண்டுகளுக்கு மேலாகக் கெட்லேயின் எண் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், அதிகப் பருமன் உள்ளவர்கள் விரைவில் இறப்பதைத் தம் கணக்குப் புத்தகங்களில் கண்டு, எடை அட்டவணைகளை வெளியிட்டன. அந்த அட்டவணைகளில் அறிவியல் அடிப்படை போதவில்லை என்று கருதியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். அவரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து, அப்போது இருந்த எளிய குறியீடுகளை ஒப்பிட்டு, கெட்லேயின் எண்ணே ஏற்கத்தக்கது என்று 1972இல் வெளியிட்டனர். ‘உடல் நிறைக் குறியீடு’ என்ற பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே. அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. ஐந்து நாடுகளுள் இந்தியாவும் இல்லை.

எல்லைக் கோடுகள்

பின்னர் உலக நலவாழ்வு நிறுவனம் இந்த எண்ணுக்கு எல்லைகள் வகுத்தது. 18.5க்குக் கீழே எடைக் குறைவு. 18.5 முதல் 24.9 வரை சரியான எடை. 25 முதல் 29.9 வரை அதிக எடை. 30ம் அதற்கு மேலும் உடற்பருமன். எடைக் குறைவிலும் படிகள் உண்டு: 17க்கு மேல் 18.5 வரை முதற்படி. 16 முதல் 17 வரை இரண்டாம் படி. 16க்குக் கீழே கடுமையான குறைவு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 24.9 உள்ளவர் நலமுடையவர், 25 உள்ளவர் நோயாளி என்று ஆகிவிடுமா? ஆகாது. பொழுது புலர்வதைப் போலத்தான் இதுவும். இந்த நிமிடத்தில் இருள் முடிந்தது, இந்த நிமிடத்தில் பகல் தொடங்கியது என்று எவராலும் கோடு போட முடியாது. ஆயினும் வேலைக்குக் கிளம்ப ஒரு நேரம் வைத்துக்கொள்கிறோம். எல்லைக் கோடுகளும் அப்படி நாம் வைத்துக்கொண்டவையே.

மேலைநாட்டாரை வைத்து வகுத்த கோடுகள் நமக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. ஆசிய மக்களிடையே 25ஐ எட்டுவதற்கு வெகு முன்னரே நீரிழிவும் இதயநோயும் தலைகாட்டுவது தெரிந்தது. எனவே 2004இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என்றது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட பரிந்துரையில் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று கூறினர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள நம் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், அவர் எடை சுமார் 47 கிலோவுக்குக் குறையாமலும் 59 கிலோவைத் தாண்டாமலும் இருப்பது நலம்.

ஓர் எண், இரு உடல்கள்

நமக்கு மட்டும் ஏன் கோடு கீழே இறங்க வேண்டும்? இதற்கு விடை தரும் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. புனே நகரைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின் என்பவரும் நண்பர்கள். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. இருவரும் தம் உடலை எக்ஸ்ரே கதிர்க் கருவியால் அளந்து பார்த்தனர். ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. இரு மடங்குக்கு மேல்! தம் இருவருடைய படத்தையும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டு, உலகத்தார்க்கு இந்த உண்மையை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

மெலிந்த கை கால்கள், குறைந்த தசை, வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு ஆகிய மூன்றும் கூடிய உடல்வாகு இந்தியர்களிடம் மிகுதி. தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பே கெடுதல் மிக்கது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குச் செல்கின்றன. அதனால் இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாமற் போகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எடைக்கருவி மொத்தச் சுமையைத்தான் அறியும். அந்தச் சுமை தசையா, கொழுப்பா, எலும்பா, நீரா என்று அது அறியாது.

இப்போது எங்கள் ஊர்ப் பெரியவரிடம் திரும்பி வருவோம்.

நாடா சொன்ன உண்மை

முகாமுக்கு வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா, மளிகைக்கடைப் பெரியவரை அப்படியே போக விடவில்லை. துணி தைப்பவர் வைத்திருப்பது போன்ற நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி அளந்தார். 96 சென்டிமீட்டர். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது கணக்கு. சுமைத் தொழிலாளிக்கு அளந்தபோது 84தான் இருந்தது. எடை கூடியவர் என்று நாங்கள் எழுதியவரின் வயிறு ஒட்டியிருந்தது; சரியான எடை என்று எழுதியவரின் வயிற்றில் வினை இருந்தது.

அத்துடன் அக்கா சில கேள்விகளும் கேட்டார். வயது என்ன? தாய் தந்தையர்க்குச் சர்க்கரை நோய் உண்டா? உடலுழைப்பு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று நம் சென்னையிலேயே உருவானது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்’ என்பதே அது. அதில் உடல் நிறைக் குறியீட்டுக்கு இடமில்லை. இடுப்புச் சுற்றளவுக்கே இடம். பெரியவர்க்கு வயதுக்கு 30, சுற்றளவுக்கு 10, உட்கார்ந்தே இருக்கும் தொழிலுக்கு 30, தந்தைக்கு நோய் இருந்ததற்கு 10, ஆக மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே இடர் மிகுதி. சுமைத் தொழிலாளிக்கு, தனியே உடற்பயிற்சி செய்யாததற்கான 20 மட்டுமே.

பெரியவர்க்கு விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 218 இருந்தது. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் பார்த்தபோது 148. வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்பர். அவருக்கு அதுவரை எந்தத் தொல்லையும் தெரியவில்லை. 22.4 என்ற எண்ணை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த எண்ணம் வந்தபோது, அன்று நான் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் மீது எனக்கே அச்சம் ஏற்பட்டது.

இன்று அறிஞர்களும் இதையே வலியுறுத்துகின்றனர். 2025ஆம் ஆண்டு சனவரியில் லான்செட் குழும இதழ் ஒன்றின் வழியே கருத்து வெளியிட்ட பன்னாட்டு வல்லுநர் குழு, உடற்பருமனை உறுதி செய்யக் குறியீட்டெண்ணை மட்டும் நம்பலாகாது. இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கூறியுள்ளது.

மறு முனை

இதுவரை சொன்னவை அனைத்தும் பருமனைப் பற்றியவை. உடல் நிறைக் குறியீடு என்றாலே பருமனானவர்களுக்கு உரியது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. என் தாயாரும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் இந்த எண்ணுக்குக் கீழ் முனையும் ஒன்று உண்டு. நம் பள்ளத்தாக்குக்கு அந்த முனை மிகவும் முக்கியமானது.

2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல். 2015–16இல் இது 30.9 விழுக்காடாக இருந்தது. அதே கணக்கெடுப்பில் 18.5க்குக் கீழே இருந்த பெண்கள் 12.6 விழுக்காட்டினர். முன்பு 14.6. மேல்முனை வேகமாக ஏறுகிறது. கீழ்முனை மெல்லத்தான் குறைகிறது. எட்டில் ஒரு பெண் இன்னும் எடைக் குறைவோடு இருக்கிறாள் என்பது இதன் பொருள். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டு முனைகளும் வாழ்கின்றன.

மெலிவு அழகு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. மெலிவு இயல்பு என்று உழைப்பவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் பசியால் வந்த மெலிவு உடலின் எதிர்ப்பாற்றலைத் தின்றுவிடுகிறது. கருவுறும் முன்பே மெலிந்திருக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்க வாய்ப்பு மிகுதி. காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்பவர்களுள், ஊட்டம் குறைந்தவர்களிடமே அது எளிதில் விழித்தெழுகிறது.

இந்தக் கீழ்முனையை நம் மாநிலமே நன்கு பயன்படுத்தியிருக்கிறது. ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்டது. காசநோய் என்று கண்டறிந்தவுடனேயே நோயாளியின் உயரம், எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பன பார்க்கப்படுகின்றன. குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், காலில் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், அவர் உயிருக்கு ஆபத்து மிக்கவராகக் கருதப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இடம்பெறுகிறார். எளிய எடைக்கருவி ஓர் உயிரைக் காக்கும் கருவியாகிறது. காலில் வீக்கம் இருந்தால் எல்லையை ஏன் உயர்த்தினார்கள் என்பதும் சிந்திக்கத் தக்கது. வீக்கத்தில் உள்ள நீரும் எடையில் சேர்ந்து, மெலிவை மறைத்துவிடும் அல்லவா?

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. காசநோயாளிகளின் வீட்டில் உள்ளவர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன கூடுதலாக வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. சோறும் பருப்பும் நோய்த் தடுப்பாக வேலை செய்தன! மெலிவு இயல்பு என்று நாம் சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

யாருக்குப் பொருந்தாது?

கருவுற்ற பெண்களுக்கு இந்த எல்லைகள் பொருந்தா. குழந்தைகளுக்கும் 19 வயது வரை உள்ளவர்களுக்கும் வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடங்களே உரியவை. ஏழாம் வகுப்புத் தம்பியின் எடையைப் பெரியவர் அட்டவணையில் வைத்து அவனைக் கேலி செய்யலாகாது. சுமை தூக்குவோர், கபடி வீரர் போன்ற தசை மிக்கவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டும். முதியவர்களுக்குத் தசை கரைந்து, கூன் விழுந்து உயரமும் குறைவதால் எண் மயக்கம் தரும்.

அளப்பதிலும் பிழை நேரும். முகாமின் தொடக்கத்தில் நாங்களே ஒரு பிழை செய்தோம். ஒரு பாட்டியின் கொண்டையோடு சேர்த்து உயரத்தை அளந்துவிட்டோம். 150 சென்டிமீட்டர் 154 ஆயிற்று. 45 கிலோ எடையுள்ள அவருக்கு 20 என்று வரவேண்டிய எண் 19ஆகக் குறைந்தது. எடைக்கருவியையும் மேடுபள்ளமான மண்தரையில் வைத்திருந்தோம். செவிலியர் அக்கா பார்த்து, ஒரு பலகைக் கல்லைப் போட்டு அதன் மேல் வைக்கச் சொன்னார். உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால், உயரத்தில் நேரும் பிழை விடையில் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதை மறக்கலாகாது. செருப்பைக் கழற்றி, குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி நின்று, பார்வை நேராக இருக்க உயரம் அளத்தல் வேண்டும். எடையைக் காலையில், உண்ணும் முன், ஒரே கருவியில் பார்த்தல் நலம்.

சல்லடை

முகாம் முடிந்த அன்றிரவு, மூவரின் கதையையும் என் தாயாரிடம் சொல்லி, “ஓர் எண்ணை நம்புவதா வேண்டாமா என்றே தெரியவில்லை அம்மா” என்றேன். அவர் தம் தொழிலிலிருந்தே விடை சொன்னார்.

ஏலக்காயைத் தரம் பிரிக்கும்போது முதலில் சல்லடையில் போட்டுச் சலிப்பர். பெருங்காய் மேலே நிற்கும். சிறுகாய் கீழே விழும். ஆனால் வேலை அத்தோடு முடிவதில்லை. பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். பெருங்காயிலும் வெடித்தது இருக்கும். உள்ளே விதையற்ற வெறுங்கூடு இருக்கும். சிறுகாயிலும் பசுமை மாறாத நல்ல காய் இருக்கும். “சல்லடை இல்லாம அம்புட்டுக் காயையும் கையால பிரிக்க முடியுமா? சலிச்சது போதும்னு மூட்டை கட்டிட முடியுமா? ரெண்டும் வேணும்த்தா” என்றார்.

மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இரண்டு கேள்விகளில் முடித்துவிட்டார். உடல் நிறைக் குறியீடு ஒரு சல்லடை. ஆயிரம் பேர் உள்ள ஊரில், யாரை முதலில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். அவர் நோயாளியா இல்லையா என்று சொல்வது, நாடாவும் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கண்ணும் சேர்ந்த பொறுக்கும் வேலை. சல்லடையில் தேறியவர்களையும் அவ்வப்போது கையால் அள்ளிப் பார்க்க வேண்டும்.

“அப்படியானால் உங்களையும் பொறுக்கிப் பார்க்க வேண்டாமா?” என்றேன். ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கினார். ஒரு வாரம் தள்ளிப்போட்டார். பிறகு வந்தார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 கிராம். கருவுறாத பெண்களுக்கு 12க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து, எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் ஒரு பெண்ணின் உடல் எப்படிக் களைத்திருக்கிறது என்பதை, இருபது ஆண்டுகள் உடனிருந்தும் நான் கண்டதில்லை. 17.3 என்ற எண் கண்டது.

இரும்புச்சத்து மாத்திரையும், வாரத்தில் சில நாட்கள் முட்டையும், முருங்கைக்கீரையும், இவை அனைத்தினும் மேலாக எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்பதும் தொடங்கின. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11 ஆயிற்று. எடை 41 கிலோ. குறியீட்டெண் 18.2. கோட்டைத் தொட இன்னும் அறுநூறு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். மளிகைக்கடைப் பெரியவரோ மாத்திரையோடு, நாள்தோறும் மாலையில் சுருளிச் சாலையில் நடக்கிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் கற்கும் அறிவியல் தேர்வுத் தாளோடு முடிந்துவிடலாகாது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் உள்ள அனைவரின் உயரத்தையும் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண் மிகுந்தவரைக் கேலி செய்யாதீர்கள். எண் குறைந்தவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஐயம் தோன்றியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லாரையும் அளந்து முடித்த பின், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர் யார் என்று பாருங்கள். அவரை அளக்க மறந்திருப்பீர்கள்.